ஈசல் பறக்காது, தாங்கும்

ஈசல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி மொய்த்து, காலையில் வாசலெல்லாம் வெறும் இறக்கையாகக் கிடக்கும் பூச்சிதானே? நான் சொல்ல வந்தது வேறு ஈசல். ஓவியர்கள் படத்தைச் சாய்த்து வைத்து வரைவார்களே, அந்த மூன்று கால் சட்டம்.

இந்தப் பெயரின் கதை சுவையானது. ஆங்கிலேயர் இதை டச்சுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். டச்சு மொழியில் இதற்குக் கழுதை என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் குட்டிக் குதிரை என்கிறார்கள். மலாயிலும் 'கூடா' எனும் குதிரையிலிருந்து வந்த 'கெகூடா'தான். நாம் நேரடியாக ஓவியத் தாங்கி என்று சொல்லிவிட்டோம். எந்த மொழியில் கேட்டாலும் அதன் வேலை சுமப்பது. கடையில் விலை கொடுத்து வாங்கியதுதான் சுமக்கும் என்று எந்த மொழியும் சொல்லவில்லை.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் என் அக்கா மகள். அவர்கள் வீடு ஜொகூர், பண்டார் தெங்காராவில். தெங்காரா என்றால் மலாயில் தென்கிழக்கு. தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்த 1972-இல் அமைந்த கெஜோரா வாரியத்தோடு வளர்ந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. மாமா லோரியில் செம்பனைக் குலை ஏற்றிப் போகிறவர். ஓவியப் பொருள் வாங்க வேண்டுமென்றால் கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோதான் போகவேண்டும்.

மகளுக்குப் பதினொரு வயது. பள்ளியில் காட்சிக் கலைக் கல்வி என்றால் உயிர். ஆனால் கடந்த சில மாதங்களாக வீட்டில் தூரிகையைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"இடம் இல்ல சித்தி. கீழ விரிச்சு வரைஞ்சா, சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்துரணும். காயறதுக்குள்ள சுருட்டுனா ஒட்டிக்குது."

மாமா பக்கத்தில்தான் இருந்தார். "அடுத்த வருஷம் ஆறாம் ஆண்டு. படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, ஈரச் சாயத்தில் கால் வைத்த மனிதருக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்?

அவள் கடைசியாக வரைந்த பாட்டி படத்தைக் காட்டினாள். சேலை மடிப்பு அவ்வளவு அழகு. ஆனால் தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது.

இது அவள் கையின் குறை இல்லை, தரையின் குறை. ஏ3 தாளின் உயரம் 42 சென்டிமீட்டர். அதைத் தரையில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால், தாளின் கீழ் விளிம்பு கண்ணிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டரில் இருக்கும். மேல் விளிம்போ 75-ஐத் தொட்டுவிடும். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும். சிறியதாகத் தெரிவதைக் கை தானாகவே பெரிதாக்கி வரையும். நிமிர்த்திச் சுவரில் மாட்டும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளையோ 'எனக்கு வரைய வரல' என்று முடிவு கட்டிவிடுகிறது.

என் தொழிலிலும் இதே கதைதான். பேசும்போது நம் குரல் நமக்கு ஒரு மாதிரி கேட்கும். பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால்தான் உண்மை தெரியும். அறிவிப்பாளருக்கு ஒலிப்பதிவு எப்படியோ, ஓவியருக்கு ஈசல் அப்படி. நான்கடி பின்னால் நகர்ந்து நின்று தன் வேலையைத் தானே பார்க்க இடம் தருகிறது.

சரி, செய்யும் முறைக்கு வருவோம். எங்களுக்கு ஆன செலவு 28 ரிங்கிட். டிரில் மட்டும் பக்கத்து வீட்டில் இரவல்.

ஹார்ட்வேர் கடையில் ஓர் அங்குலத் தடிப்பும் இரண்டு அங்குல அகலமும் உள்ள மரச்சட்டம் மொத்தம் 18 அடி கேளுங்கள். வளைவு இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து எடுங்கள். பழைய பேலட் பலகை கிடைத்தால் இந்தச் செலவும் மிச்சம். ஆனால் அதில் பதித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை போட்டது. பிள்ளைகள் புழங்கும் பொருளுக்கு வேண்டாம்.

ஐந்தடி நீளத்தில் மூன்று கால்கள் வெட்டுங்கள். மீதியில் 6 அங்குலத்தில் ஒரு கட்டை, 20 அங்குலத்தில் ஒரு கட்டை. முன்கால் இரண்டையும் தரையில் படுக்க வைத்து, உச்சியில் 6 அங்குலமும் அடியில் 24 அங்குலமும் வரும்படி அகட்டுங்கள். சின்னக் கட்டையை உச்சியிலும், நீளக் கட்டையை அடியிலிருந்து 20 அங்குல உயரத்திலும் பின்பக்கமாக வைத்துத் திருகாணி போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ரம்பத்தால் அறுத்துவிடலாம்.

உச்சிக் கட்டையின் பின்புறம் ஒரு கீல் அடித்து மூன்றாவது காலைத் தொங்கவிடுங்கள். நடுக்கட்டைக்கும் பின்காலுக்கும் இடையே ஒரு நைலான் கயிறு கட்டுங்கள். பின்கால் முன்கால்களிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கும் அளவு போதும். இந்தக் கயிற்றை மறந்தால் கால் வழுக்கி, படம் கீழே சரிந்து விழும்.

முன்கால்கள் ஒவ்வொன்றிலும், தரையிலிருந்து 24 அங்குலம் தொடங்கி 36 வரை, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து துளைகள். ஒரே உயரத்தில் உள்ள இரண்டு துளைகளில், பின்னாலிருந்து நான்கு அங்குல போல்ட் விட்டு, முன்னால் இறக்கை வைத்த நட்டால் கையாலேயே முடுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு போல்ட்டும்தான் படப்பலகைக்கு இருக்கை. பிள்ளை வளர வளர மேல் துளைக்கு மாற்றலாம். 18 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் கொண்ட பிளைவூட் துண்டு படப்பலகை. தாளை அதில் கிளிப் போட்டு மாட்டுங்கள். கடைசியாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், கையில் சிலாம்பு ஏறாது.

நான்கு கால் வைத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று மாமா கேட்டார். நான்கு கால் மேசை மேடுபள்ளத்தில் ஆடும். ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருக வேண்டியிருக்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும். தண்ணீர் வழிந்தோடச் சரிவாகப் போட்ட நம் வீட்டு முன்வாசலுக்கும் அதுதான் சரி.

ஒரே ஓர் எச்சரிக்கை. போஸ்டர் கலர், அக்ரிலிக் போன்ற கெட்டிச் சாயத்துக்கு இந்த நிமிர்ந்த நிலை பொருந்தும். நீர்வண்ணம் என்றால் கீழே ஒழுகிவிடும். அப்போது அதே பலகையைக் கழற்றி, மேசையில் தலைப்பக்கம் மட்டும் இரண்டு புத்தகத்தை அண்டை கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

'இதற்கெல்லாம் வசதி வேண்டும்' என்று யாராவது சொன்னால், சோழமண்டலத்தை நினைத்துக்கொள்வேன். 1966-இல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் உருவான ஓவியர் கிராமம் அது. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று நடத்தினார். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அந்த ஓவியர்கள் தங்கள் கலைக்கு இடம் தேடிக்கொண்டார்கள். அதே மெட்ராஸ் கல்லூரியில் படித்துத் திரும்பியவர்தான், தமிழ்நாட்டில் 1943-இல் பிறந்த நம் மலேசிய ஓவியர் சையத் தாஜுடின். அவர்கள் ஒரு கிராமத்துக்கே இடம் தேடினார்கள். நமக்குத் தேவை ஹாலில் இரண்டடி.

எங்கள் ஈசலுக்கு மரம் அறுத்ததெல்லாம் மாமாதான். "சித்திக்கு ரம்பம் புடிக்கவே தெரியல" என்று சொல்லி வாங்கிக்கொண்டவர், முடிக்கும் வரை திருப்பித் தரவில்லை. பாட்டி படத்தை மாட்டி வைத்ததும் மகள் பின்னால் நகர்ந்து பார்த்தாள். "பாட்டி தலை ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?" என்று அவளே கேட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. அன்றே புதுத் தாளில் வரையத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் விடியற்காலை, லோரிச் சாவியை எடுக்க வந்த மாமா அந்தப் பாதிப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்: "அம்மா கண்ணாடி போட்டிருப்பாங்கல்ல, அத வரையச் சொல்லு."

பிள்ளைகள் வரைவதை நிறுத்துவது எப்போதும் ஆர்வம் போனதால் இல்லை. பல நேரம், வரைந்ததை வைக்க வீட்டில் இடம் இல்லாததால்தான். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்ட படத்தை யாரும் பார்ப்பதில்லை. நிற்கும் படத்தைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த படம் பிறக்கும்.

விடுமுறை நாளில் ஹார்ட்வேர் கடைப் பக்கம் போனால், 18 அடி சட்டத்தையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மடக்கினால் கதவுக்குப் பின்னால் அடங்கிவிடும். அடுத்த வாரம் சந்திப்போம்.