டீச்சர் வருகிறார், எந்தக் காமிரா?

சேலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு இப்போது வயது எண்பத்து மூன்று. கண் வைத்தியத்துக்காக மகனோடு சேலத்துக்கு வருகிறாராம். ஊருக்குத் திரும்பும் வழியில் அரை மணி நேரம் சகோதரியின் வீட்டில் இறங்கி, ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"டீச்சருடைய படம் என்று என்னிடம் இருப்பது பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ ஒன்றுதான். அதில் நடு நாற்காலியில் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். பாடம் நடத்தும்போது அவர் அப்படி இருக்கவே மாட்டார். கை பேசும், புருவம் பேசும். அந்த முகத்தை எனக்குப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் என் கணவரின் பத்து வருஷத்துப் பழைய காமிரா ஒன்று இருக்கிறது. நாத்தனார் பிள்ளை, '70-200 என்று நீளமான லென்ஸ் ஒன்று வாங்குங்கள் மாமி' என்கிறான். என் கணவரோ, 'செல்போன் போதாதா?' என்கிறார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கணவர் பாதி சரி, நாத்தனார் பிள்ளை முழுத் தப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

என் பெரியம்மா ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், ரயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் இருபது நிமிஷம் தங்கினாள். எனக்கு அப்போது போட்டோப் பைத்தியம் முற்றியிருந்த சமயம். ஒரு பை நிறைய மூன்று லென்ஸ்கள், பிளாஷ் விளக்கு எல்லாம் வைத்திருந்தேன். பெரியம்மா சிரிக்கும்போது புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள். அதை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு லென்ஸை மாட்டினேன். கூடம் இருட்டாகத் தோன்றிற்று. அதைக் கழற்றி வேறொன்றை மாட்டக் குனிந்தேன். அந்தச் சமயம் பார்த்து என் தம்பி ஏதோ சொல்ல, பெரியம்மா தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் நிமிர்ந்தபோது சிரிப்பு முடிந்துவிட்டது. "பைக்குள்ளே என்னடி தேடிண்டே இருக்கே?" என்று கேட்டாள். என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி கேட்கும் முகத்தின் படம்தான். அடுத்த தை மாதம் அவள் போய்விட்டாள்.

ஆகவேதான் சொல்கிறேன்: ஒரே காமிரா, அதில் ஒரே லென்ஸ். பை வேண்டாம்.

இப்போது நாத்தனார் பிள்ளையின் யோசனைக்கு வருவோம். கல்யாண மண்டபத்தில் தூரத்தில் நின்றுகொண்டு மணப்பெண்ணின் முகத்தை எடுப்பவர்களுக்கு 70-200 லென்ஸ் நல்லதுதான். உங்கள் கூடம் மண்டபம் அல்லவே! டீச்சருக்கு எதிரே ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பேசப் போகிறீர்கள். உங்கள் கணவருடையது போன்ற சிறிய சென்ஸார் காமிராவில் 70 மி.மீ. வைத்தால், அந்தத் தூரத்தில் படத்துக்குள் சுமார் அரை மீட்டர்தான் அடங்கும். முகம் வரும், கை வராது. "கை பேசும்" என்று எழுதிவிட்டுக் கையை வெட்டிவிடலாமா? போதாக்குறைக்கு, அந்த லென்ஸ்களில் பெரிய ரகம் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். பீரங்கி மாதிரி அதைத் திருப்பினால் டீச்சர் மறுபடியும் குரூப் போட்டோவில் உட்கார்ந்த மாதிரிதான் உட்காருவார்.

அதே காமிராவில் 35 மி.மீ. லென்ஸை மாட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். ஐந்தடியில் ஒரு மீட்டர் உயரம் அடங்கும். தலை முதல் மடி வரை, இரண்டு கைகளோடு! இன்னொரு லாபம், முகம் தன் வடிவத்தில் இருக்கும். ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னுக்குப் போய்விடும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குற்றம்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எஃப் 1.8 அல்லது 2 வரை திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்குங்கள். காமிராவோடு வந்த 18-55 லென்ஸ் அந்த இடத்தில் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். 1.8-க்குத் திறக்கும் லென்ஸ் அதைப்போல் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரிய நகரங்களில் லென்ஸ் ஒரு நாள் வாடகைக்கும் கிடைக்கிறது, விசாரியுங்கள். செலவு வேண்டாம் என்றால் பழைய லென்ஸையே 35-ல் நிறுத்தி, டீச்சரை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஜன்னலுக்குக் காசு கேட்பவர் யாரும் இல்லை.

பிளாஷைத் தொடவே தொடாதீர்கள். கண் வைத்தியம் செய்துகொண்டு வருகிறவர் முகத்தில் பளிச்சென்று அடிப்பது பாவம். அமெரிக்கப் பத்திரிகைக்காரப் பெண்மணி மார்கரெட் போர்க்-வொயிட் 1946-இல் ராட்டையோடு காந்திஜியைப் படமெடுக்கப் போனார். முதலில் நூல் நூற்கக் கற்றுக்கொண்டு வரச் சொன்னார்களாம்! பிறகு மூன்றே மூன்று பிளாஷ் பல்புகளுக்கு அனுமதி. முதல் இரண்டும் வீணாகிவிட்டன. மூன்றாவதுதான் மானத்தைக் காப்பாற்றியது. அவ்வளவு கைதேர்ந்தவருக்கே அந்த அவஸ்தை.

செல்போன் போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். போதும், ஆனால் பழக்கிக்கொண்டால்தான். செல்போனின் முக்கிய லென்ஸ் அகன்ற பார்வை உடையது. முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று கிட்டே போவீர்கள், மூக்கு பெருத்துவிடும். ஐந்தடியிலேயே உட்கார்ந்துகொண்டு '2 மடங்கு' என்ற எண்ணைத் தட்டுங்கள். பின்னணியை மங்கலாக்கும் வித்தை வேண்டாம். சில சமயம் மூக்குக் கண்ணாடியின் ஓரத்தையும் நரைமுடியையும் சேர்த்து அழித்துவிடுகிறது. முக்கியமாக, போன் அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். டீச்சர் சிரிக்கும் நேரத்தில் காஸ் சிலிண்டர்க்காரர் கூப்பிடுவார்!

காமிராவில் எண்களை முதல் நாளே வைத்துவிட வேண்டும். பேசுகிறவர் முகத்துக்கு 1/125 செகண்டு. கை வீசிப் பேசுகிறவருக்கு 1/250. உங்கள் டீச்சருக்கு 1/250. துவாரம் எஃப் 2 முதல் 2.8 வரை, பழைய லென்ஸானால் அது திறக்கிற மட்டும். ஐஎஸ்ஓ-வைக் காமிராவே பார்த்துக்கொள்ளும்படி தானியங்கியில் விட்டுவிடுங்கள். 1600, 3200 என்று ஏறினாலும் கவலை வேண்டாம். கொஞ்சம் மணல் தூவின மாதிரி இருக்கும் படத்தைப் பேத்திகள்கூட ரசிப்பார்கள். ஆடிப்போன படத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

"அழகாகப் பின்னால் மங்கட்டுமே" என்று 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் திறப்பவர்கள் உண்டு. இந்தக் காமிராவில் ஐந்தடியில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். மூக்கு நுனி தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். டீச்சர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண்ணே போய்விடும். 35 மி.மீ., எஃப் 2 என்றால் ஏறக்குறைய 15 செ.மீ. கிடைக்கும். முகம் முழுக்க அடங்கிவிடும்.

ஒத்திகையும் பாருங்கள். டீச்சர் வரப்போகிற அதே நேரத்தில், அதே நாற்காலியில், மாமியாரை உட்கார வைத்து நாலு படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழ வேண்டும். தலைக்கு மேலே ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அது கண்ணுக்குக் கீழே நிழல் போட்டுப் பத்து வயதைக் கூட்டும். புதுக் காமிரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சத்தமே இல்லாமல் எடுக்கும் வசதி நல்லதுதான், ஆனால் செயற்கை விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஜன்னலோரம் அந்தத் தொல்லை இல்லை. (மாமியாரின் படம் நன்றாக வந்துவிட்டால் சட்டம் போட்டு மாட்டிவிடுங்கள். எத்தனையோ மனஸ்தாபம் தீர்ந்துவிடும்.)

இனி அந்த அரை மணி நேரம். இயல்பான படம் என்றால் திருட்டுப் படம் அல்ல. வந்ததும், "டீச்சர், நடுவிலே இரண்டு மூன்று படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் காமிராவை அவர் பார்க்கும்படி மேஜைமேல் வையுங்கள். முதலில் சும்மா இரண்டு படம் எடுங்கள். அவர் விறைப்பாக இருப்பார், இருக்கட்டும். அப்புறம் காமிராவைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

நம் தேசத்தின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா உபயோகித்த காமிராக்களில் ரோலிஃப்ளெக்ஸும் ஒன்று. அதை மார்புக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். எடுப்பவர் முகத்தைக் காமிரா மறைப்பதில்லை. இன்று பல காமிராக்களில் திரையை மேலே திருப்பிக்கொள்ளலாம். உங்கள் கணவருடையதில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் காமிராவை மடிக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு டீச்சரின் கண்ணைப் பார்த்தே பேசலாம். இல்லாவிட்டாலும், காமிராவைக் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

டீச்சர் கையில் ஏதாவது கொடுங்கள். பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன், பெரும்பாலும் ஒரு சின்ன லைக்காவும் ஒரு 50 மி.மீ. லென்ஸுமாகவே உலகத்தைச் சுற்றினவர். காமிராவின் பளபளப்புத் தெரியாமல் கறுப்பு நாடா ஒட்டிவைத்திருப்பார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் காந்திஜியைச் சந்தித்தார். தம் படங்களின் கண்காட்சிப் புத்தகத்தை அவரிடம் காட்ட, காந்திஜி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அன்று மாலையே அந்தக் கொடுமை நடந்துவிட்டது. சந்திப்பு எத்தனை நேரம், அடுத்த சந்திப்பு உண்டா என்பதெல்லாம் எவருக்குத் தெரியும்?

உங்களிடம் குரூப் போட்டோ இருக்கிறதே, அதையே கொடுங்கள். "இது யார், இவள் எங்கே இருக்கிறாள்?" என்று டீச்சர் விரலை வைத்துக் கேட்பார். அப்போது ஒரு படம். நீங்கள் பதில் சொல்லும்போது நிமிர்ந்து கேட்பார், அப்போது ஒன்று. சிரித்து முடித்த பிறகு முகத்தில் மிச்சம் நிற்குமே, அதைத் தவறவிடாதீர்கள். சிரிப்பைவிட அது நீண்ட நேரம் இருக்கும். மொத்தம் பத்து நிமிஷத்துக்கு மேல் காமிராவைக் கையில் வைத்திருக்க வேண்டாம். மீதி இருபது நிமிஷமும் டீச்சருக்கும் உங்களுக்கும்.

எந்தக் கலர் புடவை கட்டிவரச் சொல்லலாம் என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லாதீர்கள், அவர் கட்டிக்கொண்டு வருவதுதான் சரியான கலர். பாட்டரியை முந்தின இரவே சார்ஜ் பண்ணி வையுங்கள். டீச்சருடைய மகனுக்குப் போன் பண்ணி, காப்பிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படம் வந்ததும் ஒரு பிரதி காகிதத்தில் அச்சடித்து, நல்ல உறையில் போட்டு டீச்சருக்குத் தபாலில் அனுப்புங்கள். முடிந்தால் எனக்கும் ஒன்று.