காப்பு மின்சாரமும் பொதுப் பொறுப்பும்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் 2024 ஜூலை 10 அன்று 230 கிலோவோல்ட் மின்தடம் ஒன்றில் இடிதாங்கிக் கருவி பழுதடைந்து மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தபோது, ஏறத்தாழ 60 தரவு மையங்கள் ஒரே வேளையில் பொது மின்கட்டமைப்பைவிட்டு விலகித் தமது காப்பு மின்சாரத்துக்கு மாறின. மின்சாரம் தடைப்பட்ட கணமே பேட்டரியிலிருந்து மின்னோட்டம் தரும் யுபிஎஸ் கருவியும், பின்னர் பொறுப்பேற்கும் டீசல் ஜெனரேட்டரும் சேர்ந்த இவ்வேற்பாடு கணினிகளைக் காத்தது. ஆனால், ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை அழுத்தம் குலைந்தால் தாமாகவே விலகவும், பணியாளர் இணைக்கும்வரை திரும்பாமல் இருக்கவும் பல மையங்களின் கருவிகள் அமைக்கப்பட்டிருந்ததால், சுமார் 1,500 மெகாவாட் மின்தேவை திடீரென மறைந்து, கட்டமைப்பின் மின்னழுத்தமும் அலைவெண்ணும் உயர்ந்தன.

செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கும் மையங்களில் பல்லாயிரம் செயலிகள் ஒருசேர இயங்கி ஒருசேர ஓய்வதால் மின்தேவை நொடிப்பொழுதில் ஏறியிறங்குகிறது. எனவே, மின்தேவையின் திடீர் மாற்றம் கட்டமைப்பைக் குலைக்கும் ஆபத்து இனி பெருகவே செய்யும். தன் கணினிகளை மட்டும் காத்துக்கொண்டு ஊரின் மின்சாரத்தைத் தடுமாற விடும் ஏற்பாட்டை முழுமையான பாதுகாப்பு என ஏற்க இயலாது. குறுகிய அழுத்தச் சரிவுகளைத் தாங்கி நிற்பதும், படிப்படியாகவே மீண்டும் இணைவதும் புதிய மையங்களுக்குக் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும். மின் ஒழுங்குமுறை ஆணையங்கள் இதில் தாமதிக்கக் கூடாது.