சேவைக்குக் கூலி கேட்போம்

தறியில் உட்காருகிறவர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. சேலை இறங்க எத்தனை நாள், கைக்கு வரும் கூலி எவ்வளவு, அதில் முன்பணத்துக்குப் பிடித்துக்கொள்வது எவ்வளவு என்று தேவிகாபுரத்தில் பள்ளிக்கூடம் போகாத பொம்பளைகூட விரல்விட்டுச் சொல்லிவிடுவாள். அதே கணக்கைப் படிப்புக்குப் போட்டால் மட்டும் நம்ம ஆட்களே முகம் சுளிக்கிறார்கள். “எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போற, சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறியே, இது சேவை இல்லியா?” என்கிறார்கள்.

கேட்க வேண்டும். நாம்தான் முதலில் கேட்க வேண்டும். சாவு சொல்லப் போனோம், பறையடித்தோம், செத்த மாடு தூக்கினோம். கூலி கேட்டபோதெல்லாம் ‘இது உன் கடமை’ என்றார்கள். அந்தக் கடமைதான் இப்போது ‘சேவை’ என்று பேர் மாற்றிக்கொண்டு வருகிறது.

கணக்குக்கு வருவோம். நம்ம காலனிப் பிள்ளை ஒன்று இரண்டு வருஷப் படிப்புக்கு வருஷம் ஒரு லட்சமாக வங்கியில் இரண்டு லட்சம் வாங்குகிறது. வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைப்போம். படிக்கும் காலமும் அதற்குப்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை தொடங்கும்போது கடன் இரண்டரை லட்சம். அதை ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய். மொத்தம் 3 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல். தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் சம்பளம் பன்னிரண்டாயிரம் என்றால் தவணை போக மிச்சம் 6,700. அறை வாடகை, சோறு, பஸ் எல்லாம் அதற்குள். வீட்டுக்கு அனுப்ப என்ன இருக்கும்? தவணையைப் பதினைந்து வருஷம் வரை நீட்டிக்க விதியில் இடமுண்டு. மாதத் தவணை குறையும், வட்டி கூடும்.

அப்படியானால் படிக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. கடன் வாங்காமல் படிக்க நமக்கு உரிமை இருக்கிறது, அதை விட்டுவிடாதே என்கிறோம். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. 2012இல் தமிழ்நாடு அரசு போட்ட 92ஆம் எண் ஆணை, ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிட கிறிஸ்தவ மாணவர்களுக்கு சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. ஆனால் 2018இல் மத்திய அரசு நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்கு உதவி இல்லை என்று விதியை மாற்றியது. அதனால் சேரும்போதே ‘இது எந்த ஒதுக்கீட்டு இடம்?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

இன்னொரு ஓட்டை தாமதம். உதவித்தொகை வரும் முன்பே கல்லூரி பணம் கட்டச் சொல்கிறது. அப்பன் கந்துவட்டிக்கு ஓடுகிறான். அரசாங்கப் பணம் பிறகு வந்தாலும் அந்த வட்டியை யார் கொடுப்பது? நம் வீட்டுக் கடன் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

சமூகப்பணியைச் சொல்லித்தருகிற இடங்களே இதில் யோக்கியமாக இல்லை. 1936இல் தொடங்கி இந்தியாவுக்கே சமூகப்பணிப் படிப்பைக் கற்பித்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். 2018 பிப்ரவரியில் அதன் மும்பை, துல்ஜாப்பூர், ஐதராபாத், குவஹாத்தி வளாகங்களில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள தலித், பழங்குடி, பிற்பட்ட மாணவர்களின் கட்டணச் சலுகையை எடுத்ததுதான் காரணம். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பாடம் நடத்துவார்கள், ஒடுக்கப்பட்டவன் உள்ளே வந்து உட்கார்ந்தால் பில் நீட்டுவார்கள்.

சம்பளம் ஏன் ஏறவில்லை? வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் உண்டு. சமூகப்பணியாளருக்கு அப்படி நாடு முழுமைக்கும் சட்டப்படியான தனிக் கவுன்சில் இல்லை. யாரும் இந்த வேலை செய்யலாம், எதையும் சம்பளம் என்று கொடுக்கலாம். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி நிர்வாகச் செலவு வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். ஒரு நிறுவனம் வாங்கிய நிதியை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடுத்தார்கள். பெரிய நிறுவனத்தை நம்பியிருந்த சிறு அமைப்புகளில் இந்த அடி விழுந்தது. அங்கே வேலை பார்ப்பது யார்? பெரும்பாலும் நம்ம பிள்ளைகள். அறிக்கை எழுதுகிறவன் நகரத்தில், சேரிக்குள் நடக்கிறவன் சேரிக்காரன்.

வங்கி போடும் கணக்கில் சாதி இல்லை. பட்டம் வாங்கினால் வேலை, வேலை வந்தால் தவணை என்று அது நினைக்கிறது. அண்ணல் அம்பேத்கருக்கே அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 1913இல் பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்டு என்று மூன்றாண்டுக்குக் கொடுத்து, பத்தாண்டு வேலை செய்ய எழுதி வாங்கியது. 1917இல் சொன்னபடி வேலைக்குப் போனார். அவ்வளவு படித்தவருக்குப் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள்.

முன்பணத்துக்குத் தறியில் பிள்ளையைக் கட்டிவைத்த கதை பட்டு நெய்கிற ஊர்களுக்குத் தெரியும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. படித்த பிள்ளையை வங்கித் தவணைக்கும் அரைச் சம்பளத்துக்கும் கட்டிவைப்பதற்கு எந்தச் சட்டம் வரும்?

நாம் கேட்பது இது. உதவித்தொகை வரும் வரை கல்லூரி ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் நிரந்தரச் சம்பளத்தில் ஒரு சமூகப்பணியாளர் வேண்டும். தலித் பேரைச் சொல்லி நிதி வாங்கும் நிறுவனங்கள் களப்பணியாளர் சம்பளத்தைப் பகிரங்கமாக ஊருக்குச் சொல்ல வேண்டும். நம் இயக்கத் தோழர்கள் நடத்துகிற நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

தங்கச்சி, தம்பி, படிக்கப் போங்கள். போகும் முன் கணக்குப் போடுங்கள். வேலைக்கு உட்காரும்போது ‘எவ்வளவு தருவீங்க?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.