ஆகாயச் சொத்துக்குக் கணக்கு எங்கே?

1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ இரகசியமாகப் பேசத் தொடங்கிற்று. உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் இடத்தை மாற்றி மாற்றி அதை நடத்தினார்கள். அலை வரும் திசையை அறியும் கருவிகளுடன் போலீஸார் அவர்களைத் தேடி அலைந்தனர். நவம்பர் 12-ந் தேதி பிடித்தும் விட்டனர். (கூட இருந்த ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்பார்கள், அது வேறு கதை.) ஆகாயத்தில் நடப்பதை அளந்தறியும் சக்தி அன்று ஆளுவோர் கையில் மாத்திரம் இருந்தது. அந்நிய ஆட்சி ஒழிந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அது பிரஜைகளிடம் வந்து சேரவில்லை என்பதே நமது முறையீடு.

ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று ஸுப்ரீம் கோர்ட் 1995-ல், கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய வழக்கில், தீர்ப்பளித்தது. அந்தச் சொத்து முறைதவறி வழங்கப்பட்டதென்று 2012-ல் 122 லைசென்ஸுகளை ரத்துச் செய்தது. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமோ, சர்க்கார் ஜனங்களின் சார்பில் அலைவரிசைக்கு உடைமையாளர் என்றே வாசகம் அமைத்திருக்கிறது. அதாவது, கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படி. நிலத்தைக் குத்தகைக்கு விடத் தர்மகர்த்தாவுக்கு அதிகாரம் உண்டு. 2022-ல் நடந்த ஏலத்தின் தொகை சுமார் 1,50,000 கோடி ரூபாய்! குத்தகைதாரர் உழுதாரா, தரிசாகப் போட்டாரா என்று கேட்கும் உரிமை ஊராருக்கு இல்லையா?

இது வெறும் உபமானமன்று. காரணமின்றி உபயோகிக்காமல் வைத்திருக்கும் அலைவரிசையைத் திரும்பப் பெறலாமென்று அதே சட்டத்தின் 7-வது பிரிவு கூறுகிறது. நல்ல பிரிவுதான். ஆனால், தமிழ்நாடு முழுமைக்கும் சேர்த்து ஏலத்தில் எடுத்த அலை சென்னையில் நெரிசலாக ஓடிக்கொண்டு, அண்ணாகிராமத்துப் பக்கம் தூங்கிக்கிடந்தால், அதை யார் கண்டு சொல்வது? 1952-ல் ஏற்பட்ட வயர்லெஸ் கண்காணிப்பு ஸ்தாபனம் ஊருக்கு ஓர் ஆளை நிறுத்தி வைக்க முடியாது. கம்பெனிகளோ தம் மீது தாமே பிராது கொடுக்கப் போவதில்லை.

ஊராரே செய்யலாம் என்பதற்கு ஐரோப்பாவில் வழி கண்டிருக்கிறார்கள். டெலிவிஷன் பார்ப்பதற்கென்று செய்த மலிவான ஒரு சிறு செருகுக் கருவி, ஏறக்குறைய 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா அலைகளையும் கேட்கக்கூடியதென்று 2012 வாக்கில் தெரியவந்தது. ஸ்பெயின், பெல்ஜியம், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அதை ஓர் உள்ளங்கையளவு கம்ப்யூட்டருடன் இணைத்து, ‘எலக்ட்ரோசென்ஸ்’ என்ற பெயரில் தொண்டர்களின் வீடுகளில் வைத்தார்கள். எந்த அலை எவ்வளவு பலத்துடன் எந்நேரத்தில் ஓடுகிறதென்ற கணக்கு ஓரிடத்தில் சேர்கிறது. நமது பலாப்பழ மண்டியில் விரலால் தட்டிப் பார்த்தே பழத்தின் பக்குவம் அறிபவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பழத்தை அறுக்காமலே உள்ளே இருப்பது தெரிகிறது.

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்க இது வழிகாட்டாதா என்று கேட்பவர் உண்டு. நியாயமான பயமே. ஆகவே, பலத்தை மட்டும் பதிவு செய்க, பேச்சைத் தொடாதே என்று விதி எழுதவேண்டும். சாலையில் எத்தனை வண்டி போயிற்று என்று எண்ணுவது ஒன்று. மூட்டையை அவிழ்ப்பது வேறு. மலிவுக் கருவி பிழைபடும் என்பதும் உண்மை. ஐந்தாம் தலைமுறைக்குரிய 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை அதற்கு எட்டாது. கூடுதல் கருவி வேண்டும். ஒரு வீட்டுக் கருவியைக் கொண்டு எந்தக் கோர்ட்டிலும் நாம் தீர்ப்புக் கேட்கமாட்டோம். ஆனால், பத்து வீட்டுக் கருவிகள் மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைச் சொன்னால், விசாரணை தொடங்க அது போதிய முகாந்தரம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-லேயே ‘மைஸ்பீட்’ மூலம் ஜனங்களின் தொலைபேசிகளிலிருந்து வேகத்தின் அளவைத் திரட்டத் தொடங்கியது. பிரஜையின் அளவையை ஏற்பதில் ஆட்சேபமில்லை என்பதற்கு இதுவே சாட்சி. 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டம் கருவியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் கேட்டது. அந்த அச்சத்தின் நிழல் இனியும் நீடிக்கலாகாது. கேட்க மட்டுமே வல்ல அளவைக் கருவிக்கு அனுமதி வேண்டுவதில்லை என்று சர்க்கார் தெளிவாக அறிவிக்கட்டும். எந்தக் கம்பெனி எந்த அலையை எந்தத் தாலுகாவில் உபயோகிக்கிறது என்ற ஜாபிதாவையும் வெளியிடட்டும். கடலூர், சிதம்பரம் கல்லூரி மாணவர்கள் பத்துக் கருவிகளைப் பண்ருட்டித் தாலுகாவின் முந்திரித் தோப்புக் கிராமங்களில் வைத்து, அந்த ஜாபிதாவுடன் ஒத்துப் பார்க்க முன்வருவார்களானால், அவர்கள் கண்டதை இப்பத்திரிகை பிரசுரிக்கும்.