தலைமடையின் அழுக்கு

அமெரிக்காவின் மிகப் பெரிய கழிமுகமான செசபீக் வளைகுடாவின் நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். சராசரி ஆழமோ 21 அடிதான். ஆறு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பரந்த 1,66,000 சதுர கிலோமீட்டர் நிலம் அதில் வடிகிறது. இவ்வளவு நிலத்தின் கழிவு இவ்வளவு ஆழமில்லாத நீரில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனாலும் அரசு அதைத் தன் ஏட்டில் ஏற்ற மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயரும் அவர்களுக்குப் பின் வந்தோரும் புகையிலைக்காகக் காட்டை வெட்டினார்கள். மழை மண்ணை அடித்துவந்தது. ஜோப்பா போன்ற துறைமுக ஊர்கள் தூர்ந்துபோயின. பிறகு சிப்பிக்கு ஆசை வந்தது. 1880-களில் மேரிலாந்து மாநிலம் மட்டும் ஒரே பருவத்தில் ஏறக்குறைய 1.5 கோடி புஷல் சிப்பி அள்ளியது. நீரை வடிகட்டிக்கொண்டிருந்த உயிர் அது. இன்று அந்தப் பழைய வளத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே மிச்சம். இருபதாம் நூற்றாண்டில் உரமும் சாக்கடையும் சேர்ந்துகொண்டன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று பாசி கொழுத்தது. அது மடிந்து அழுகியபோது நீரின் ஆக்சிஜன் தீர்ந்தது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொட்டிய மழை மலைமலையாய் வண்டலைக் கொண்டுவந்து, நீருக்கடியில் வளர்ந்த புல்வெளிகளை மூடிப் புதைத்தது.

அதே ஆண்டில்தான் தூய நீர்ச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அதன் கை குழாய்வாய் வரைதான் நீண்டது. ஆலைக்கும் நகராட்சிக்கும் உரிமம், வரம்பு, அபராதம் எல்லாம் உண்டு. வயலிலிருந்து மழையோடு வழிந்துவரும் உரத்துக்கும் சாணத்துக்கும் பெரும்பாலும் வேண்டுகோள் மட்டுமே. பின்னால் வந்த ஐம்பது ஆண்டுத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி அந்த இடைவெளியில் விளைந்தது என்பேன்.

மேரிலாந்தின் செனட்டர் சார்லஸ் மத்தையஸ் 1973-இல் வளைகுடாவைச் சுற்றிப் பார்த்து, ஆய்வுக்குப் பணம் ஒதுக்கச் செய்தார். அதன் முடிவு வந்ததும் 1983-இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987-இல் கெடு குறித்தார்கள்: 2000-க்குள் நைட்ரஜனும் பாஸ்பரஸும் 40 சதவீதம் குறைய வேண்டும். அது தவறியது. அடுத்த கெடு 2010, அதுவும் தவறியது. நடுவே 2005-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு சங்கடத்தை அம்பலப்படுத்தியது. முன்னேற்றம் என்று அறிவிக்கப்பட்டவை பெரும்பாலும் கணினி மாதிரிகளின் கணக்காம். தண்ணீரில் அளந்த அளவுகள் அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை.

2009-இல் அதிபர் ஒபாமா ஆணை பிறப்பித்தார். மறு ஆண்டு மத்திய சுற்றுச்சூழல் முகமை முழு வளைகுடாவுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நைட்ரஜன் என்று வரம்பு விதித்தது: ஏறக்குறைய 8.4 கோடி கிலோ. விவசாயிகள் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. கெடு 2025. அதுவும் எட்டப்படவில்லை. இப்போது 2040 என்கிறார்கள்.

இந்தக் கெடு வரிசையைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் சட்டத்தின் கை எட்டிய இடத்தில் வேலை நடந்திருக்கிறது. 1985-இல் மேரிலாந்து சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடுத்தது. 2004-இல் வீட்டுக்கு மாதம் இரண்டரை டாலர் வசூலித்துச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தத் தொடங்கியது. கழிப்பறை வரி என்று மக்கள் கேலி செய்தார்கள், செலுத்தவும் செய்தார்கள். கழிவுநீர்த் துறை தன் 2025 இலக்கை 2016-லேயே எட்டிவிட்டது.

இதற்கெல்லாம் முன்னோடியாக ஒரு வழக்கு உண்டு. மேரிலாந்தின் கால்வர்ட் மாவட்டத்தைச் சேர்ந்த பெர்னி ஃபவுலர், இளமையில் பாடக்சன்ட் ஆற்றில் மார்பளவு நீரில் நின்றாலும் தன் பாதம் தெரியும் என்று சொல்லிவந்தவர். மேலே வாஷிங்டனின் புறநகர்கள் பெருத்தன. அவற்றின் கழிவு கீழே வந்தது. எழுபதுகளின் இறுதியில் அவரும் அண்டை மாவட்டங்களும் மாநில அரசையும் மத்திய முகமையையும் நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றார்கள். 1988 முதல் ஆண்டுதோறும் அவர் வெள்ளைக் காலணியோடு ஆற்றில் இறங்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பார். பத்திரிகைக்கு ஏற்ற காட்சி என்பது வேறு. எந்த மாதிரிக் கணக்காலும் மழுப்ப முடியாத அளவுகோல் அது. நீர் முழுதாய்த் தெளிந்ததைப் பார்க்காமலே 2021-இல் இறந்தார்.

கடைமடைக்காரன் தலைமடைக்காரனோடு மல்லுக்கட்டுவது ஆற்றுப்படுகை எங்கும் உள்ள கதை. ஃபவுலருக்கு எதிரில் இருந்தவை நகராட்சிக் குழாய்கள். இன்று எதிரில் இருப்பவை பென்சில்வேனியாவின் வயல்கள். வளைகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறத்தாழப் பாதி பென்சில்வேனியா வழியே ஓடிவரும் சஸ்குவெஹானா ஆற்றில் வருகிறது. ஆனால் வளைகுடாக் கரையில் பென்சில்வேனியாவுக்கு ஓர் அடி நிலம்கூட இல்லை. சிப்பியும் நண்டும் அடுத்தவன் பிழைப்பு. அங்குள்ள லான்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினரின் குடும்பங்கள் சிறு பால்பண்ணைகள் நடத்துகின்றன; அரசுப் பணத்தைத் தொடத் தயங்குவோர் அவர்களில் பலர். ஓடைக்கரையில் மரம் நடு, சாணத்தைத் தேக்கத் தொட்டி கட்டு, குளிர்காலத்தில் வெற்று நிலத்தை மூடப் பயிரிடு என்று சொல்லிவிடலாம். செலவு யாருடையது? விட்டுக்கொடுக்கும் நிலம் யாருடையது? 2020-இல் மேரிலாந்தும் வர்ஜீனியாவும் டெலவேரும், பென்சில்வேனியாவைக் கண்டிக்கவில்லை என்று மத்திய முகமையின் மேல் வழக்குப் போட்டு, 2023-இல் சமரசம் கண்டன. நிலத்தடி நீரில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரஜனோ எந்தச் சமரசத்துக்கும் காத்திருக்காது. இன்னும் பல ஆண்டுகள் ஊறி வந்துகொண்டேயிருக்கும்.

எனவே 2040 என்ற தேதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்சில்வேனியா சட்டமன்றம் ஆண்டுதோறும் ஓடைக்கரைக்கும் சாணத் தொட்டிக்கும் எவ்வளவு ஒதுக்குகிறது, ஒதுக்கியதை வாங்க எத்தனை பண்ணைகள் முன்வருகின்றன, முன்வராத பண்ணையை என்ன செய்கிறது என்பதைத்தான் கவனிப்பேன்.