யோபுவை நம்பிய கடவுள்

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "உங்களால் தாங்க முடியும் என்று நம்பித்தான் ஆண்டவர் இந்தச் சோதனையைக் கொடுத்திருக்கிறார்." புயலில் கூரையை இழந்தவருக்கு இந்தச் சொல் தெம்பு தரலாம். ஆனால், செத்த பிறகும் தனிக் கல்லறைக்குத் தூக்கிச் செல்லப்படும் ஒரு தலித் கிறிஸ்தவரின் வீட்டில் இதைச் சொல்லலாமா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் சாதிச் சுவர் நாடறிந்தது. அந்தச் சுவரை எழுப்பியது கடவுளா, மனிதரா?

கடவுள் மனிதரை நம்புகிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. யோபுவின் கதையே அதற்குச் சாட்சி. வசதி இருப்பதால்தான் யோபு பக்தியாக இருக்கிறான் என்று சாத்தான் குற்றம் சாட்டியபோது, கடவுள் யோபுவின் பக்கம் நின்றார். யோபு ஆடுமாடுகளை இழந்தார், பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தார். உடலெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். இதற்குப் பிறகு வருவதைத்தான் பலர் சொல்வதில்லை.

யோபு வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போகவில்லை. தான் பிறந்த நாளைச் சபித்தார். கடவுளிடமே வழக்காட வேண்டும் என்று கேட்டார். பார்க்க வந்த மூன்று நண்பர்களோ, "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தக் கதி" என்று வாதாடினார்கள். கடைசியில் கடவுள் யார் மீது கோபப்பட்டார்? தமக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்த நண்பர்கள் மீதுதான். யோபு பேசியதே சரி என்றார். ஆக, கடவுள் யோபு மீது வைத்த நம்பிக்கை, அவர் எதையும் தாங்கிக்கொள்வார் என்பது மட்டும் அல்ல. எந்த நிலையிலும் உண்மையைப் பேசுவார் என்பதும்தான்.

அந்த நண்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, பிறகு எதற்குச் சலுகை?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. திருச்சபைக்குள்ளேயோ தேர்ப் பவனி எந்தத் தெருவுக்குள் வரும், பிணவண்டி எந்தப் பாதையில் போகும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. வெளியே சாதி இல்லை என்பார்கள், உள்ளே சாதி பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது நாம்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை. அதனால் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியிலும் ஊராட்சி வார்டிலும் நாம் போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. அடிக்கிறவன் நம் மதத்தைப் பார்த்தா அடிக்கிறான்?

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளியை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தோற்றார். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவரைச் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சாம்பலில் உட்கார்ந்தபடி வழக்காடிய யோபுவின் வாரிசாகவே சூசையை நாம் பார்க்கிறோம்.

ஆகவே ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி ஏற்றி டெல்லியிடம் நீதி கேட்பது நல்லதே. அதே கையால் உங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் இடியுங்கள். பங்குப் பேரவையிலும் பள்ளி, கல்லூரி வேலைகளிலும் எங்களுக்குரிய இடத்தைக் கொடுங்கள். அதைச் செய்யாமல் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பிரசங்கம் செய்தால், அது யோபுவின் நண்பர்கள் செய்த அதே பிரசங்கம்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கல்வி உதவித்தொகை உண்டு. கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். படித்தபின் ஊருக்கு வந்து பேசுங்கள். நாம் பேசுவோம் என்று கடவுள் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டியது நம் பொறுப்பு.