தேர்தல் ஆணையம் கட்சி அலுவலகத்துக்குள் நுழையலாமா? பிரிட்டன் வகுத்த எல்லை

தேர்தல் செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஓர் அமைப்பு, அரசியல் கட்சியின் அலுவலகத்துக்குள் நுழைந்து ஆவணங்களைப் பார்வையிடலாமா? இந்தக் கேள்விக்குப் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரு வேறு விடைகளை அளித்தது.

அந்நாட்டின் தேர்தல் ஆணையம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவாக்கப்பட்டது. தனது கண்காணிப்பில் உள்ள கட்சிகள், அமைப்புகளின் வளாகத்துக்குள் உரிய நேரத்தில் நுழைந்து கணக்கேடுகளை ஆய்வு செய்யும் அதிகாரம் அப்போது அதற்கு வழங்கப்பட்டது. நீதிமன்ற அனுமதி தேவைப்படவில்லை.

2009-ஆம் ஆண்டின் சட்டம் அந்த அதிகாரத்தைச் சுருக்கியது. அதன்படி, ஆவணங்களைப் பார்வையிட ஆணையம் முதலில் அனுமதி கோர வேண்டும். தகுந்த காரணமின்றி அனுமதி மறுக்கப்பட்டால் மட்டுமே நடுவரிடம் ஆய்வு ஆணை பெறலாம். அதுவும் வழக்கமான கண்காணிப்புப் பணிக்கு மட்டுமே. முறைகேடு நடந்ததாகச் சந்தேகித்து விசாரிக்கும்போது இதைப் பயன்படுத்த இயலாது. அப்போது ஆவணங்களைக் கோரி நோட்டீஸ் அனுப்பலாம்; சம்பந்தப்பட்டோரை அழைத்து விசாரிக்கலாம்; இணங்க மறுத்தால் உயர்நீதிமன்றத்தை அணுகலாம்.

இக்கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணம் உண்டு. கட்சி அலுவலகத்தில் கணக்கேடுகளோடு உறுப்பினர் பட்டியலும் பிரசார வியூகமும் இருக்கும். தேர்தல் நெருங்கும் வேளையில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தாலே, தவறு நிரூபணமாகும் முன்பே கட்சியின் பெயருக்குக் களங்கம் ஏற்படக்கூடும்.

ஆனால், தாமதமும் ஆபத்தானதே. தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தில் சோதனையிட அனுமதி கோரவிருப்பதாக 2018 மார்ச் 19-இல் அறிவித்தது. அனுமதி கிடைத்தது மார்ச் 23-இல். இடைப்பட்ட நாள்களில் ஆதாரங்கள் அகற்றப்படாது என்பதற்கு என்ன உறுதி என்ற கேள்வி அப்போது எழுந்தது.

ஆணையம் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பை 20,000 பவுண்டிலிருந்து 5 லட்சம் பவுண்டாக உயர்த்தும் திட்டத்தை 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது. அபராதம் விதிக்க ஆதாரம் வேண்டும்; ஆதாரமோ விசாரிக்கப்படுபவரின் கைவசமே இருக்கிறது.

நீதித்துறையின் அனுமதியின்றி எந்த அதிகாரியும் கட்சி அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது என்பது நியாயமான எல்லை. ஆனால், வழக்கமான தணிக்கைக்குக் கிடைக்கும் அனுமதி, கடுமையான சந்தேகம் எழும்போது கிடைக்காது என்பது முரண். கட்சிகளின் சுதந்திரத்தைக் காக்க வகுக்கப்பட்ட எல்லை, கணக்கை மறைப்பவர்களுக்கு அரணாகிவிடக் கூடாது.